டிக் டிக் சத்தம் கேட்டால் முதலில் ஒயரைக் கழற்றுங்கள்

பழைய லேப்டாப்பை விற்பது பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது, ஹார்ட் டிஸ்க் போய்விட்டால் உள்ளே இருப்பதை எடுக்க எவ்வளவு ஆகும் என்பதை இன்னொரு முறை பார்ப்போம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழில் முழுப் பக்கமும். மதுரையைச் சுற்றியிருந்து வந்தவற்றை எடுத்துச் சுருக்கியிருக்கிறேன். வீட்டுக் கஷ்டமும் பணக் கஷ்டமும் கலந்து எழுதியிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. அவசரமான கடிதங்களுக்கு முன்பே நேரில் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே வருகிறது.

கேள்வி: அக்கா, மேலூரில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆவணி முகூர்த்தத்தில் எடுத்த மூன்று கல்யாணமும் ஒரே 2 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் இருந்தன. எடிட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயர் காலில் மாட்டி டிஸ்க் கீழே விழுந்துவிட்டது. இப்போது சொருகினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. மதுரையில் ஒரு கடையில் 8,000 ரூபாய்க்கு எடுத்துத் தருகிறோம் என்கிறார்கள். சென்னையில் டேட்டா மீட்டெடுக்கும் ஒரு லேபில் 35,000 வரை ஆகலாம் என்கிறார்கள். புது டிஸ்க் வாங்கினாலே இதில் கால்வாசிதான் ஆகும். இது கொள்ளை இல்லையா?
– ஸ்டுடியோக்காரர், மேலூர்

பதில்: தம்பி, அந்த டிஸ்க் இன்னும் கம்ப்யூட்டரில் சொருகியிருந்தால் முதலில் கழற்றுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் விலையும் புரியும். டிஸ்க்குக்குள் பளபளவென்று வட்டத் தட்டுகள் இருக்கின்றன. உங்களுடையது போன்ற சின்ன டிஸ்க்குகளில் அது பெரும்பாலும் கண்ணாடித் தட்டு; அதன் மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும்போது தட்டின் விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஓடும் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில், ஹெட் என்ற படிக்கும் முனை மிதந்துகொண்டு படிக்கிறது. நம் தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். ஓடும்போது ஹெட் தட்டைத் தொடவே கூடாது. தட்டில் ஏற்கெனவே எழுதிவைத்த அடையாளக் குறிகளைப் படித்துத்தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை அது தெரிந்துகொள்கிறது. கீழே விழுந்து ஹெட் அடிபட்டால் குறி தெரியாது. ஹெட்டைத் தாங்கும் கை ஓரம் வரைக்கும் போய் இடித்துத் திரும்பி வந்து மறுபடியும் தேடும். உங்களுக்குக் கேட்பது அந்த இடி.

ஹெட்டின் நுனி வளைந்திருந்தால் ஒவ்வொரு தேடலிலும் அது பூச்சைச் சுரண்டுகிறது. பழுது பார்க்க என்னிடம் வந்து, நான் லேபுக்கு அனுப்பிய ஒரு டிஸ்க்கை அங்கே திறந்து எனக்குப் படம் அனுப்பினார்கள். மேல் தட்டில் விரல் அகலத்துக்கு ஒரு வளையம். பூச்சு மொத்தமாகப் போய் கண்ணாடியின் அடிப்பக்கம் வரைக்கும் தெரிந்தது. மூலையில் தூசி பிடிக்க ஒரு சின்ன ஃபில்டர் வைத்திருப்பார்கள், பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கும். அது கரி பூசினாற்போல் கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்புத் தூள் ஒரு குடும்பத்தின் படங்களும் வீடியோக்களும். விழுந்த அன்றே நிறுத்தியிருந்தால் எடுத்திருக்கலாம் என்றார்கள். வீட்டுக்காரர்கள் சத்தத்தோடு பல நாள் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். பூச்சு போன இடத்திலிருந்து எந்த லேபாலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும், எதையும் எடுக்க முடியாது.

சரி, விலைக்கு வருவோம். புது டிஸ்க்கின் விலையோடு ஒப்பிடுவது எல்லோருக்கும் தோன்றுவதுதான். ஆனால் உங்கள் டிஸ்க்கை மறுபடி பயன்படுத்தும்படி யாரும் சரிசெய்து தரப்போவதில்லை. உள்ளே இருப்பதை ஒரே ஒரு முறை படித்து வேறு டிஸ்க்கில் எழுதி முடிக்கும் வரைக்கும் அதைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வேலை. அதற்கு, நல்ல ஹெட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ள ஒரு டோனர் டிஸ்க் வேண்டும். அதே கம்பெனி, அதே 2 டிபி என்றால் போதாது. மாடல் நம்பர், ஹெட் எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். தயாரான தேதியும் பக்கத்தில் இருந்தால் நல்லது. பழைய மாடலாக இருந்தால் பயன்படுத்திய டிஸ்க்கைத் தேடிப்பிடிக்க வேண்டும், சில சமயம் வெளிநாட்டிலிருந்துகூட வரவழைக்கிறார்கள். அதிலிருந்து ஹெட்டை எடுத்ததும் அந்த டிஸ்க் குப்பைக்குத்தான். கீறல் விழுந்த தட்டில் ஓடும்போது, மாற்றிப் போட்ட ஹெட்டும் பாதியில் போய்விடலாம். அப்படிப் போனால் இன்னொரு டோனர்.

மூடியைத் திறப்பது சுத்தமான காற்று உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும். இதற்குச் சொல்லப்படும் தரத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள தூசி 3,520-க்கு மேல் இருக்கக்கூடாது. நம் ஊரில் கடை மேஜையில், ஃபேனுக்குக் கீழே திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேரம். நல்ல டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 1 டிபியை மூன்று மணி நேரத்துக்குள் நகல் எடுத்துவிடலாம். அடிபட்ட டிஸ்க் விநாடிக்கு 1 எம்பிதான் கொடுக்கிறது என்றால் அதே 1 டிபிக்குப் பதினொன்றரை நாள், ராத்திரி பகல் நிற்காமல். இதற்கென்று பிசி-3000 மாதிரி கருவிகள் இருக்கின்றன, லட்சக்கணக்கில் விலை. சாதாரண கம்ப்யூட்டர், படிக்க முடியாத இடத்தில் விடாமல் முட்டிக்கொண்டே இருக்கும். இந்தக் கருவி அதைத் தாண்டிப் போய் நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, மோசமான இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனவே 35,000 என்பதைக் கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். ஹெட் மாற்றும் வேலையை நான் எடுப்பதில்லை, அதற்கான இடம் என்னிடம் இல்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புகிறேன். எனக்கு வரும் விலைகள் 15,000-ல் தொடங்கி 40,000 வரைக்கும் போகின்றன. தட்டு கீறியிருந்தால் அதற்கும் மேலே. ஃபார்மட் ஆனது, பார்ட்டிஷன் காணாமல் போனது, அழித்துவிட்டது போன்ற சாஃப்ட்வேர் வேலைகளை என் பெஞ்சிலேயே 3,000 முதல் 7,000-க்குள் முடித்துக் கொடுக்கிறேன். விலையைத் தீர்மானிப்பது எத்தனை ஜிபி என்பதைவிட என்ன பழுது என்பதுதான்.

8,000 சொன்ன கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "ஹெட்டை எங்கே வைத்து மாற்றுவீர்கள்?" எங்கள் லேப் இன்ன ஊரில் இருக்கிறது, பார்த்துவிட்டு விலை சொல்வார்கள் என்றால் பேசலாம். சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கிறோம் என்றால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சத்தம் போடும் டிஸ்க்கில் ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடவிட்டுவிட்டு, காலையில் "ஒன்றும் வரவில்லை, சென்னைக்கு அனுப்புங்கள்" என்று கைகழுவுகிறார்களே, எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அப்போதுதான். முந்தின நாள் 20,000-க்கு எடுக்கக்கூடியதாக இருந்ததை எடுக்கவே முடியாததாக ஆக்கிவிட்டு, அதற்கு 500 ரூபாய் வேறு வாங்கிக்கொள்கிறார்கள்.

லேபுக்கு அனுப்பும் முன்பு உங்கள் கேமரா கார்டுகளை எல்லாம் எடுத்து வையுங்கள், எதிலும் இனி படம் எடுக்காதீர்கள். ஃபார்மட் செய்து மறுபடி எடுத்திருந்தால்கூட, 64 ஜிபி கார்டில் புதிதாக 20 ஜிபிதான் எழுதியிருக்கிறீர்கள் என்றால், பழைய படங்களில் ஒரு பகுதி அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு. ஆல்பம் டிசைன் செய்பவருக்கு அனுப்பியவை, உங்களோடு வந்த வீடியோக்காரரின் கார்டு, இவற்றையும் பாருங்கள். கல்யாண வீட்டுக்காரர்களிடம் தள்ளிப்போடாமல் சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்கள் போனில் எடுத்தது இப்போது கேட்டால் கிடைக்கும், பொங்கல் கழித்துக் கேட்டால் பாதிப்பேர் அழித்திருப்பார்கள். இதில் எவ்வளவு தேறுகிறது என்று பார்த்துவிட்டு, தேறாத ஃபோல்டர்களின் பெயரை மட்டும் எழுதி லேபுக்குக் கொடுங்கள். எல்லாவற்றையும் எடு என்பதைவிட இந்த ஃபோல்டரை எடு என்றால் டிஸ்க்குக்கும் வேலை குறைவு, சில லேப்களில் விலையும் பேசலாம்.

கேள்வி: மேடம், 1 டிபி டிஸ்க்கை ஒரு கடையில் கொடுத்தோம். பார்ப்பதற்கு 1,500 வாங்கினார்கள். பிறகு 22,000 ஆகும் என்றார்கள். முடியாது என்று திரும்ப வாங்கியபோது ஒரு ஸ்க்ரூவைக் காணோம், மேலே இருந்த ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது. என்ன செய்வது? இனி ஒரு கடையில் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?
– குடும்பத் தலைவி, திருமங்கலம்

பதில்: ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது என்றால் மூடியைத் திறந்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒரு ஸ்க்ரூ இருக்கும். இனி அந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம். அடுத்து எந்த லேபுக்கு அனுப்பினாலும் "ஏற்கெனவே திறந்தது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்பார்கள், சிலர் எடுக்கவே மாட்டார்கள். மறைத்து அனுப்பினாலும் அவர்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் சீரியல் நம்பர் தெரிய போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் அந்த சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். "எங்களைக் கேட்காமல் திறக்கக்கூடாது" என்பதையும் எழுதி வாங்குங்கள். பல இடங்களில் "டேட்டா இல்லையென்றால் கட்டணம் இல்லை" என்று போர்டு வைத்திருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பார்க்கும் கட்டணம், டோனர் விலை, கூரியர் எல்லாம் அதற்குள் அடங்குமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அடங்காது. சொல்லும் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், எடுத்ததை எழுதிக் கொடுக்க ஒரு புது டிஸ்க்கும் நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும். 22,000 என்றால் கடைசியில் 30,000 பக்கம் வந்து நிற்பது இப்படித்தான்.

மீதிப் பணம் கட்டும் முன் ஃபைல் பட்டியலைக் கேளுங்கள். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே படம் திறக்கும் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு முக்கியமான ஐந்தாறு ஃபைலை நீங்களே சொல்லி, திறந்து காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அவர்களிடம் உள்ள நகலை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டுப் படங்கள் அதில் இருக்கின்றன, கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

கேள்வி: கீழமாசி வீதியில் பருப்பு மொத்த வியாபாரம். டேலி கணக்கு பேக்கப் எல்லாம் மேஜையில் வைக்கும் பெரிய எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் வைத்திருக்கிறோம். நேற்று வரை நன்றாக ஓடியது. கடைப் பையன் லேப்டாப் சார்ஜரை எடுத்து அதில் சொருகிவிட்டான். லேசாகக் கருகிய வாசம் வந்தது. இப்போது சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை. ஒரு இடத்தில் காட்டினால் ஹெட் போய்விட்டது, 25,000 ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா அம்மா? ஆன்லைனில் அதே மாதிரி போர்டு வாங்கி மாற்றலாமா என்று மருமகன் கேட்கிறார்.
– மொத்த வியாபாரி, மதுரை

பதில்: அண்ணாச்சி, கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஹெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

மேஜையில் வைக்கும் பெரிய டிஸ்க்குகளுக்கு 12 வோல்ட் அடாப்டர். லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் 19 வோல்ட். சொருகும் முனை இரண்டுக்கும் ஒரே அளவில் இருந்துவிடும், அதனால் பையனைத் திட்டாதீர்கள். டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சை போர்டில், கூடுதல் வோல்ட் வந்தால் தன்னைப் பலிகொடுத்து மற்றதைக் காப்பாற்றுவதற்கென்றே டிவிஎஸ் டயோடு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது ஷார்ட் ஆகிவிட்டால் டிஸ்க் சுற்றவே சுற்றாது. கருகிய வாசம், சத்தமே இல்லை, நேற்று வரை நன்றாக ஓடியது, தவறான அடாப்டர்: நான்கும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த டயோடைத்தான். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். டயோடின் விலை சில ரூபாய். டயோடோடு நின்றிருந்தால் என் பெஞ்சில் 1,500 ரூபாய் வேலை, மற்ற பாகமும் போயிருந்தால் 4,000 வரை ஆகலாம். சில சமயம் பெட்டிக்குள் இருக்கும் சின்ன இணைப்பு போர்டு மட்டும் போயிருக்கும், டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. அந்தச் சின்ன போர்டையும் தூக்கிப் போடாதீர்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில மாடல்களில் அதுதான் டேட்டாவைப் பூட்டி எழுதுகிறது. அது இல்லாமல் டிஸ்க்கை மட்டும் கொண்டுவந்தால் வேலை இரட்டிப்பாகும்.

ஆன்லைனில் அதே மாதிரி போர்டு வாங்கி மாற்றலாமா என்று உங்கள் மருமகன் கேட்டிருக்கிறார். பழைய காலத்து டிஸ்க்குகளில் அப்படி மாற்ற முடிந்தது. இப்போது உள்ளவற்றில், அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுக்கு ஏற்ற அளவுகளை போர்டில் பெரும்பாலும் ஒரு எட்டுக்கால் சிப்பில் எழுதியிருப்பார்கள். பழைய போர்டிலிருந்து அந்தச் சிப்பை எடுத்து புது போர்டில் வைத்தால்தான் பெரும்பாலான டிஸ்க்குகள் சரியாகப் படிக்கும். வேறு போர்டைப் போட்டு ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

அண்ணாச்சி, அதற்கு முன் ஒரு போன் போடுங்கள், உங்கள் ஆடிட்டருக்கு. போன வருடம் ரிட்டர்ன் போட உங்கள் டேலி டேட்டாவை வாங்கியிருப்பார்கள், அந்த நகல் அவர்கள் ஆபீஸில் இருக்கும். தாக்கல் செய்த ஜிஎஸ்டி ரிட்டர்ன்களை போர்ட்டலிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். எந்த ஆண்டின் கணக்கோ, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவு சொல்கிறது, அதனால் பழைய வருடங்களை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆனால் ஆடிட்டரிடம் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்த பிறகு, இல்லாத மாதங்களுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள். கடையில் உள்ள ஒவ்வொரு அடாப்டரிலும் அது எந்தச் சாதனத்துக்கு உரியது என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, பாலமேடு பக்கம் எங்கள் ஊர். எங்கள் வீட்டுக் காளை போன வருடம் செத்துப்போச்சு. அது ஜல்லிக்கட்டுக் களத்துக்குப் போன வருடங்களின் வீடியோ எல்லாம் அண்ணனின் பழைய லேப்டாப்பில் இருந்த 500 ஜிபி டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் சுற்றவில்லை, மெலிதாக பீப் என்று ஒரு சத்தம் வருகிறது. தெரிந்தவர் ஒருவர் மூடியைத் திறந்து, ஒட்டியிருந்ததைக் கையால் தள்ளிவிட்டுப் பார்த்தார். அப்பவும் ஓடவில்லை. அம்மா தினமும் கேட்கிறது. கூலி வேலைதான் செய்கிறோம், அதிகப் பணம் இல்லை.
– வாசகர், பாலமேடு

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் இதழில் பதில் வரும்வரை காத்திருக்காமல் கூப்பிட்டுவிட்டேன். வளர்த்த மாடு போன வீட்டில் அந்த வீடியோ என்ன என்பது எனக்குத் தெரியும்.

ஹெட் தட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டால் மோட்டாரால் சுற்ற முடியாது, அந்த முயற்சியில் வருவதுதான் பீப் சத்தம். இந்தப் பழுதை முறையாக எடுத்தால், தட்டில் கீறல் விழாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதற்கென்று சின்னக் கருவி இருக்கிறது, அதை வைத்து ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே கொண்டுவருவார்கள். கையால் தள்ளும்போது ஹெட் பிய்ந்துபோவது உண்டு, தட்டில் விரல் பட்டிருந்தால் அந்தப் பிசுக்கையும் சுத்தம் செய்ய வேண்டும். திறப்பதற்கு முன் 12,000, 15,000-ல் முடிந்திருக்கக்கூடிய வேலை, இப்போது 25,000-க்குக் குறைவாக யாரும் சொல்லமாட்டார்கள். கிடைக்கும் என்று உறுதியும் தரமாட்டார்கள். இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடன் வாங்கி அனுப்ப வேண்டாம். டிஸ்க்கின் மூடியைப் போட்டு, ஸ்க்ரூவை முறுக்கி, சுத்தமான கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். மின்சாரம் கொடுக்காதவரை அது பெரும்பாலும் இன்றைக்கு இருக்கும் நிலையில்தான் இருக்கும். பணம் வரும்போது பார்க்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை.

அதுவரை வேறு வழியில் தேடுவோம். தை ஒன்றாம் தேதி அவனியாபுரம், இரண்டாம் தேதி உங்கள் பாலமேடு, மூன்றாம் தேதி அலங்காநல்லூர் என்று மூன்று களத்தையும் டிவியில் நேரலை காட்டுகிறார்கள், யூடியூபிலும் மணிக்கணக்காக முழுசாகக் கிடக்கிறது. உங்கள் காளை எந்த வருடம், எந்தச் சுற்றில் வந்தது என்று அண்ணனுக்கு நினைவிருக்கும். வாடிவாசலில் அவிழ்க்கும்போது மாட்டுக்காரர் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொண்டே போனால் பிடித்துவிடலாம். ஊர் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழு, காளையோடு கூடப் போன பையன்களின் பழைய போன், மாட்டு வீடியோ மட்டும் போடுகிற சேனல்கள், எல்லாவற்றிலும் கேளுங்கள். அம்மாவை முதலில் பக்கத்தில் உட்காரவைத்து யூடியூபில் ஆரம்பியுங்கள்.

கேள்வி: செல்லூரில் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து, அணைத்து வைத்திருந்த சிபியு மூழ்கிவிட்டது. டிஸ்க்கைக் கழற்றி வெயிலில் காயவைத்திருக்கிறோம். அரிசிக்குள் வைத்தால் ஈரம் போகும் என்கிறார்கள். தண்ணீரில் ஊறிய டிஸ்க்கில் ஏதாவது மிஞ்சியிருக்குமா?
– வாசகர், செல்லூர்

பதில்: வெயிலிலிருந்து எடுத்துவிடுங்கள், அரிசியும் வேண்டாம். டிஸ்க்கின் மூடியில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை இருக்கிறது. ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க்குகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அது உண்டு, தண்ணீர் அது வழியாக உள்ளே போயிருக்கலாம். சாக்கடை கலந்த தண்ணீர் காய்ந்தால் அதில் உள்ள அழுக்கும் உப்பும் தட்டில் படிந்து இறுகிவிடும், அதை எடுப்பது பெரிய பாடு. ஈரத்தோடு ஜிப் கவரில் போட்டு மூடி அப்படியே லேபுக்கு அனுப்ப வேண்டும். உங்களுடையது கொஞ்சம் காய்ந்திருக்கும், பரவாயில்லை, இதற்கு மேல் காயவிடாமல் அனுப்புங்கள். மின்சாரம் மட்டும் கொடுக்காதீர்கள்.

மிஞ்சியிருக்குமா என்ற கேள்விக்கு ஒரு உண்மைக் கதை. 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும்போது வானத்திலேயே சிதறியது, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை இழந்தோம். அதில் செனான் வாயு பற்றிய ஒரு சோதனையின் அளவீடுகளைச் சேமித்த ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. டெக்சாஸில் விழுந்த சிதறல்களில் அது கிடைத்தபோது வெளியே உருகிக் கருகியிருந்தது. அமெரிக்காவின் குரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தினர் தட்டுகளைச் சுத்தம் செய்து, வேறு டிஸ்க்கின் உடலில் பொருத்தி, அதிலிருந்து சுமார் 99 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள். அந்த அளவீடுகளை வைத்து 2008-ல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அந்த டிஸ்க்கில் பாதி அளவுக்குத்தான் எழுதியிருந்தது, தட்டில் அடிபட்டதும் இன்னும் எழுதாத இடத்தில்தான். உங்கள் டிஸ்க் தண்ணீர் வந்தபோது அணைத்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல விஷயம்.

கேள்வி: சத்தம் வரும் டிஸ்க்கை ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்தால் வேலை செய்யுமா?
– சோழவந்தான் வாசகர்

பதில்: வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளி படியும், அதன் மேல் ஹெட் ஓடும். மிகப் பழைய டிஸ்க்குகளைப் பற்றி யாரோ சொன்னது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் இருந்த கேமரா மெமரி கார்டை மகன் தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டான். கடையில் 4,000 கேட்கிறார்கள்.
– உசிலம்பட்டி

பதில்: டீச்சர், ஃபார்மட் செய்த பிறகு அந்தக் கார்டில் ஒரு படமும் எடுக்கவில்லை என்றால் பணமே செலவில்லை. கார்டின் ஓரத்தில் உள்ள சின்னப் பூட்டை 'லாக்' பக்கம் தள்ளிவிடுங்கள். கேமராவில் நடக்கும் ஃபார்மட் பெரும்பாலும் பட்டியலை மட்டும்தான் அழிக்கும், படங்கள் அப்படியே இருக்கும். போட்டோரெக் என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, மகனையே இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். எடுக்கும் படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும், அது ஒன்றைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஃபைல் பெயர்கள் மாறியிருக்கும், தேதி பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: மேடம், ஆய்வு மாணவி நான். ஆறு மாதம் முன்பு வாங்கிய எஸ்எஸ்டி லேப்டாப். டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்யும்போது பழைய ஃபோல்டர் என்று நினைத்து ஆய்வேடு ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் கொடுத்துவிட்டேன். நான்கு இயல்கள் போய்விட்டன. அதற்குப் பிறகும் சில நாளாக லேப்டாப்பை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு இடத்தில் 18,000 ஆகும், பாதி முன்பணம் என்கிறார்கள். வீட்டில் கேட்டால் தருவார்கள், ஆனால் கிடைக்குமா?
– பல்கலைநகர், மதுரை

பதில்: முன்பணம் கட்டாதே தங்கச்சி. ஹார்ட் டிஸ்க்கில் அழித்தால், அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதும்வரை பழையது இருக்கும். சுற்றும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. அழித்தவுடன் விண்டோஸ், "இந்த இடம் இனி வேண்டாம்" என்று டிரிம் கட்டளையை அனுப்பிவிடும், எஸ்எஸ்டியும் தனக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் அந்த இடத்தை வெறுமையாக்கிவிடும். அதன் பிறகு பெரிய லேபிலும் பூஜ்யம்தான் வரும். உன் லேப்டாப் அதற்குப் பிறகு நாள் கணக்கில் ஓடியிருக்கிறது. 18,000 வாங்குபவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் வேறு இடத்தில் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. விண்டோஸ் 11 லேப்டாப்பை முதல்முறை ஆன் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்தபோது, டெஸ்க்டாப் ஃபோல்டரையும் ஒன்டிரைவ் என்ற அவர்களுடைய இணையச் சேமிப்பில் சேர்த்திருக்கக்கூடும். பலருக்கு அது நடப்பதே தெரியாது. பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து, அங்கே உள்ள ரீசைக்கிள் பின்னைப் பார். லேப்டாப்பில் ஷிஃப்ட் டெலீட் கொடுத்தாலும் ஒன்டிரைவில் அது அங்கேதான் போய் விழும். சொந்தக் கணக்கு என்றால் 30 நாள் வரைதான் இருக்கும், பல்கலைக்கழகம் கொடுத்த கணக்கு என்றால் பொதுவாக 93 நாள். அழித்த தேதியிலிருந்து எண்ணிக்கொள். அதில் இல்லையென்றால் நெறியாளருக்கு அனுப்பிய மெயில்கள், ஒப்புமைச் சோதனைக்கு நூலகத்தில் கொடுத்த இயல்கள், பிரிண்ட் எடுக்கக் கடைக்கு அனுப்பிய வாட்ஸ்அப், அதே கடையின் கம்ப்யூட்டரில் உள்ள டவுன்லோட்ஸ் ஃபோல்டர் என்று வரிசையாகப் பார். நாகமலைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் அந்த ஃபோல்டரை யாரும் அடிக்கடி காலி செய்வதில்லை. நேரில் போய்க் கேள், பென் டிரைவ் எடுத்துக்கொண்டு போ.